இரும்பு தீர்ந்துபோன சாமியார்

எண்பதுகளில் ஏறத்தாழ எட்டு மாதம் நான் ஒரு மகானாக இருந்தேன். திருவண்ணாமலையில் இது பெரிய சாதனை ஒன்றும் இல்லை. இங்கே நாலு நாள் சவரம் செய்யாமல் ஒரே இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், ஐந்தாம் நாள் யாராவது வாழைப்பழம் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். ஆனாலும் பஸ் ஸ்டாண்டு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்தபடி மகானானவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

தனியார் பஸ்களுக்கு நான் டைம் கீப்பர். ஒரு மர ஸ்டூல், ஒரு கடிகாரம், கழுத்தில் ஒரு விசில். வேலூர் வண்டி தன் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் நின்றாலும் விசிலை ஊதிக்கொண்டு வெளியே குதிப்பேன். பின்னால் நிற்கும் அடுத்த வேலூர் வண்டிக்காரன் என் பக்கம் சேர்ந்து கத்துவான். முன்னால் நிற்பவன் என் பரம்பரையையே இழுப்பான். ஒரு நாளைக்கு இப்படிப் பதினைந்து இருபது சண்டை. சண்டைக்கு நடுவே பட்டப்பெயர் வைப்பது என் உபதொழில். எல்லா டிரைவருக்கும் நான் வைத்த பெயர் ஒன்று உண்டு. அவர்கள் எனக்கு வைத்ததை அச்சில் போட முடியாது.

அந்த மர ஸ்டூலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தினம் பத்து மணி நேரம் அதன்மேல் உட்கார்ந்து, பக்கத்துக் கடை மிளகாய் பஜ்ஜியைத் தின்று, தண்ணீர் குடிக்கும் நேரத்திலெல்லாம் டீ குடித்ததில் எனக்கு மூலம் வந்துவிட்டது. காலையில் ரத்தம் போகும். வலி இல்லை, அதனால் வியாதியும் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஊரில் எல்லார் குறையையும் வைத்து ஜோக் அடிப்பவன், தன் குறை மட்டும் எவன் வாயிலும் விழக்கூடாது என்று ஒளித்து வைத்தான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு வருஷம்.

அதற்கு நடுவில் விபூதி ஆசை வந்தது.

கோயிலில் நெற்றியில் பூசியது போக மிச்சத்தில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். ஒரு நாள் எனக்கு அந்தச் சிட்டிகை போதவில்லை. பொட்டலத்தையே நக்கினேன். ஒரு மாதத்தில் தேரடித் தெருக் கடைகளில் எந்த விபூதி நறநறவென்று இருக்கும், எதில் வாசனைப் பொடி கலந்து கெடுத்திருக்கிறான் என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன். தூளைவிடக் கட்டி விபூதி மேல். பட்டாணி மாதிரி கடிக்கலாம். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கட்டி. முதல் மழை மண்ணில் விழுந்தால் அந்த வாசனைக்கே எச்சில் ஊறும்.

கூடவே வேறு சிலதும் நடந்தது. விசில் ஊதினால் மூச்சு பாதியில் நின்றது. கூண்டிலிருந்து குதிப்பதை விட்டு இறங்கினேன், பிறகு இறங்குவதையும் விட்டேன். வண்டி இரண்டு நிமிடம் லேட்டா? இருக்கட்டும். ஐந்து நிமிடமா? அதனால் என்ன. ஒரு டிரைவர் வேண்டுமென்றே என் எதிரில் வண்டியை அணைத்துவிட்டு டீ குடித்துப் பார்த்தான். நான் அவனைக் கருணையோடு பார்த்தேன். உண்மையில் அது கருணை இல்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, "ணா, தப்பா நெனச்சிக்காதீங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று முதல் என் புகழ் வளர்ந்தது. கண்டக்டர்கள் என் முன்னால் கெட்ட வார்த்தை பேசுவதை நிறுத்தினார்கள். பூக்காரம்மா காலையில் முதல் முழத்தைக் கூண்டில் சாத்திவிட்டுத்தான் வியாபாரத்தை ஆரம்பிப்பார். செங்கம் சாலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், பஸ் ஸ்டாண்டில் பேசாத சாமி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்து, மூன்று நாள் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அவரோடு பேச ஆசைதான். இங்கிலீஷ் வராது. மௌனம் ரொம்ப ஆழமாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. நானே கொஞ்சம் நம்பவும் ஆரம்பித்தேன். எதிலும் ஆசை இல்லை, எதன்மேலும் கோபம் இல்லை, குளிர் மட்டும் சித்திரை மாதத்திலும் அடிக்கிறது. இதுதான் பக்குவம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பயந்துபோனவள் என் மனைவி.

அவள் பயத்துக்கு ஆதாரம் எங்கள் தெருவிலேயே இருந்தது. நாலு வீடு தள்ளி ஒரு வாத்தியார் குடும்பம். அவரும் முதலில் பேச்சைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டைக் குறைத்தார், ஒரு நாள் காலையில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மலைப் பக்கம் போனவர் திரும்பவில்லை. காவி கட்டிக்கொண்டு அதே ஊரில்தான் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கடைத்தெருவில் அவரை எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போவாள். அதை என் மனைவி இரண்டு தடவை நேரில் பார்த்திருக்கிறாள். எங்களுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தைகள் இரண்டு.

என் அலமாரியிலிருந்து வெளிர் நிறச் சட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பதிலுக்குப் பெரிய பெரிய பூ போட்ட சட்டை ஒன்று வந்தது. அதைப் போட்டுக்கொண்டு எவனாலும் துறவியாக முடியாது என்பது அவள் கணக்கு. ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்றக் கிளம்பியபோது வாசலில் நின்றுகொண்டாள்.

"சுத்திட்டுத் திரும்பி வருவீங்களா?"

"வராம எங்க போறேன்?"

"அந்த வாத்தியாரும் இப்படித்தான் சொன்னாராம்."

நான் சிரித்தேன். மகான்கள் சிரிக்கிற மாதிரி, வாயைத் திறக்காமல். அப்போதே உட்கார்ந்து, அடியே, எனக்கு நடக்க முடியவில்லை, காதுக்குள் இதயம் அடிக்கிற சத்தம் கேட்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடைசியில் அவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து தன் அண்ணனை வரவழைத்தாள். நெல்லும் மணிலாக் கொட்டையும் பயிர் வைத்து நாலு மாடு வளர்க்கும் மனிதர். சாமியார் மாப்பிள்ளையிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் காலையிலேயே, "வாங்க மாப்ள, மலைய ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றார். வழியில் புத்தி சொல்லித் திருத்துவது அவர் திட்டம். என் மனைவி அவரைத் தனியாக இழுத்து, "கண்ணை எடுக்காதண்ணா. கையைப் பிடிச்சிக்கோ" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

அடி அண்ணாமலை வரைக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு வயல் வரப்பு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். முன்தினம் மழை பெய்திருந்தது. ஈர மண் வாசனை. மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, குடும்பம்னு ஒண்ணு இருக்குதுல்ல" என்று ஆரம்பித்த நேரத்தில், என் கை தானாகப் போய் வரப்பிலிருந்து ஒரு துண்டு மண்ணைக் கிள்ளி வாயில் போட்டது.

அவர் பேச்சை நிறுத்தினார். குனிந்து என் வாயையே பார்த்தார்.

"இன்னா மாப்ள துன்றீங்க?"

"சும்மா."

"மண்ணா?"

நான் விழுங்கிவிட்டேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாட்டுச் சந்தையில் சுற்றுவது போல.

"போன வருஷம் எங்க செவலைப் பசு இப்படித்தான் செவுத்த நக்கிக்கினு, மண்ணத் துன்னுக்கினு, எழுந்திரிக்காம கெடந்துச்சு. மாட்டு டாக்டர் வந்து பாத்துட்டு, உடம்புல தாது கம்மின்னு சொல்லி உப்புப் பொடி கொடுத்தாரு. பத்து நாள்ல முட்ட ஆரம்பிச்சிடுச்சி. மாப்ள, ஒங்களுக்கு சாமியும் இல்ல பூதமும் இல்ல. வாங்க."

"எங்க, மாட்டு ஆஸ்பத்திரிக்கா?"

"கிண்டல் வருதுல்ல? அப்ப பொழைச்சிக்குவீங்க."

அந்த வழியாக வந்த மாட்டு வண்டியில் என்னை ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். எட்டு மாதப் புகழ் ஒரு செவலைப் பசுவோடு முடியத் தொடங்கியது.

சின்னக்கடைத் தெரு கிளினிக்கில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். வேலூரில் படித்துவிட்டு வந்தவர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். விரல் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகமெல்லாம் நடுவில் குழிந்து கரண்டி மாதிரி இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும். விரலைக் குத்தி ரத்தம் எடுத்து, குழாயில் கலந்து, பக்கத்துக் கண்ணாடியின் பழுப்பு நிறத்தோடு ஒப்பிட்டார்.

"ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. எப்படி நடந்து வந்தீங்க? சரி, ரத்தம் எங்கயாவது போகுதா? மலத்துல?"

பக்கத்தில் என் மனைவி. எதிரில் பெண் டாக்டர். கதவோரம் மச்சான்.

"இல்லீங்க டாக்டரம்மா" என்றேன்.

மலத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார். நான் மூன்று தடவை மறந்தேன். மார்பை எக்ஸ்ரே எடுத்ததில் ஒரு சின்னத் தழும்பு தெரிந்தது. பழசா புதுசா என்று சொல்ல முடியவில்லை. டாக்டரின் முகம் மாறியது. வெறும் இரும்புக் குறைவா, இல்லை உள்ளே காசநோய் மாதிரி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும், வேலூருக்கு ரத்தம் அனுப்பி ஃபெரிட்டின் என்று ஒரு டெஸ்ட் செய்யலாம் என்றார்.

"அது இன்னாங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"இரும்பு உடம்புக்குள்ள தனியா திரியக் கூடாதும்மா, விஷம். அதனால ஒரு புரோட்டீன் உருண்டைக் கூடு மாதிரி இருந்து அதை உள்ள வெச்சி மூடிக்கும். வேணும்கிறப்போ வெளிய விடும். அந்தக் கூடு கொஞ்சம் ரத்தத்துலயும் இருக்கும். அதை அளந்தா உள்ள எவ்ளோ இருப்புன்னு தெரிஞ்சிடும்."

என் மனைவிக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கு அது பஸ்ஸாகவே புரிந்தது. ரோட்டில் ஓடுகிற வண்டி வேறு, டிப்போவில் நிற்கிற ஸ்பேர் வண்டி வேறு. வழியில் ஒரு வண்டி கெட்டுப் போனால் டிப்போவிலிருந்து இன்னொன்று வரும். டிப்போவே காலியாகும் வரைக்கும் பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. நான் இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார்.

"அப்ப இதையும் கேளுங்க. உள்ள நாள்பட்ட நோய் இருந்தா டிப்போல வண்டி நெறைய இருக்கும், ஆனா கேட்டைப் பூட்டி வெச்சிருப்பாங்க. கிருமிக்கும் இரும்பு வேணும், அதுக்குக் கெடைச்சிடக் கூடாதுன்னு உடம்பே பூட்டிடும்."

"பந்த் அன்னிக்குக் கல்லடி படாம இருக்க பஸ்ஸ உள்ள விடற மாதிரி."

"அதேதான். ரோடு ரெண்டு விதத்துலயும் காலியாத்தான் இருக்கும். டிப்போ காலியா, கேட்டு பூட்டா, அதைத்தான் பாக்கப் போறோம்."

ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் என் ரத்தம் வேலூர் போனது. என் கையாலேயே கண்டக்டரிடம் கொடுத்தேன். அவன் அதைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பதில் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

அந்தப் பத்து நாளும் என் மனைவி தினம் கோயிலுக்குப் போனாள். ஒரு நாள் பிராகாரத்தில் நான் மெல்லக் கேட்டேன், "இன்னா வேண்டிக்கற? எனக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னா?"

"இல்ல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களுக்கு ஏதாவது வியாதி இருக்கணும்னு."

நான் நின்றுவிட்டேன்.

"சின்ன வியாதியா. மருந்துல சரியாவறதா. ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா, அப்புறம் நீங்க நெஜமாவே போகப் போறீங்கன்னுதான அர்த்தம்? வியாதின்னா நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துப்பேன். சாமின்னா நான் எங்க போய் ஒக்கார்றது?"

ஊரில் எத்தனையோ பெண்கள் புருஷன் நோய் தீர வேண்டிக்கொண்டு விளக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் மனைவி மட்டும் புருஷனுக்கு நோய் கேட்டு விளக்கு போட்டாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். ஒரு விபூதிக் கட்டியைப் போட்டுக்கொண்டு மூடிவிட்டேன்.

பதில் வந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டிப்போ சுத்தமா காலி. ஒரு வண்டி இல்ல. காசம் மாதிரி இருந்தா இவ்ளோ கம்மியா வராது."

என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று தெரியவில்லை, தாளைப் பார்த்துத்தான் கும்பிட்டாள். டாக்டர் விடவில்லை.

"இருங்க, இன்னும் முடியல. பொம்பளைங்களுக்கு மாசாமாசம் போகும், பிரசவத்துல போகும். ஆம்பளைக்கு இவ்ளோ இரும்பு சும்மா தீராது. எங்கயோ ஒழுகுது. நீங்க இல்லன்னு சொல்றீங்க. அப்ப வயித்துக்குள்ள புண்ணா, கட்டியான்னு வேலூர்ல குழாய் விட்டுப் பாக்கணும்."

கட்டி என்றதும் என் மனைவியின் கும்பிட்ட கை அப்படியே இறங்கியது. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"குழாயெல்லாம் வேணாங்க" என்றேன் தரையைப் பார்த்து. "ஒழுகற எடம் தெரியும்."

சொன்னேன். டாக்டர் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதுவது போலக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

"எத்தினி நாளா?" என்றாள் என் மனைவி.

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா!" அவள் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "மூலம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சாமியார்னு பூ வாங்கிப் போட்டுக்க வெக்கமா இல்ல?"

வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகளில் இரண்டு பேர் என் பக்தர்கள். எழுந்து போய்விட்டார்கள்.

சொன்னதற்காக டாக்டர் என்னை முழுசாக நம்பிவிடவில்லை. நன்றாகப் பரிசோதித்து, வேறு ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூலத்துக்கு ஆபரேஷன் செய்ய வைத்தார். பிறகு இரும்பு மாத்திரை. மாத்திரையோடு டீ கூடாது, டீ இரும்பை உடம்பில் சேர விடாது. எலுமிச்சை சாறு நல்லது. இரண்டு மாதத்தில் ரத்தம் தேறினாலும் நிறுத்தக் கூடாது, ரோட்டில் வண்டி வந்துவிட்டால் போதாது, டிப்போவும் நிரம்ப வேண்டும். அதற்காக நானாக அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்ளவும் கூடாது, மிஞ்சின இரும்பு ஈரலிலும் இதயத்திலும் போய் உட்கார்ந்துகொண்டு கெடுக்கும். இப்படி என் உடம்பு ஒரு பெரிய போக்குவரத்துக் கழகமாகிவிட்டது.

முதலில் போனது பக்திதான். இரண்டே வாரத்தில் விபூதி வாயில் மண்ணாகத் தெரிந்தது. துப்பிவிட்டேன். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. வைராக்கியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு மாத்திரையில் கரைகிற சரக்கு என்றால், எனக்கென்று சொந்தமாக இருந்தது என்ன? அடுத்து குளிர் விட்டது. பிறகு பசி வந்தது. பிறகு ஒரு டிரைவர்மேல் பழையபடி கோபம் வந்தது. பூக்காரம்மா பூ வைப்பதை நிறுத்திவிட்டு, "நல்லாத்தான இருந்த, இன்னாத்துக்கு ஒடம்ப சரி பண்ணிக்கின?" என்றார்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் வேலூருக்கு ரத்தம் போனது. டிப்போ நிரம்பிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னார். என் மனைவி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா, இதுக்கு மேல இவரு எங்கயாவது போறேன்னு சொன்னா?"

"அதுக்கு எங்கிட்ட டெஸ்ட் இல்லம்மா. இனிமே போனா அவராதான் போறாரு."

தெருவில் இறங்கி நடந்தோம். தேர்முட்டியைத் தாண்டினோம். அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நெஜமா சொல்லுங்க. போற எண்ணம் இருந்துச்சா?"

இல்லவே இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அது பாதிதான் உண்மை.

"போற எண்ணம் இல்ல. ஆனா நான் போயிடுவேன்னு நீ பயந்தது தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன். நாலு பேர் கும்பிட்டது நல்லா இருந்துச்சு. நீ பயந்ததுகூட, நான் ஏதோ பெரிய ஆளுன்னு நெனைக்க வெச்சிச்சு."

அவள் நடந்துகொண்டே இருந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"எட்டு மாசம் காலைல கண்ணத் தொறக்கறதுக்கு முன்னாடி கைய நீட்டித் தடவிப் பாப்பேன், இருக்கீங்களான்னு" என்றாள்.

இரண்டு பேரும் ஒரு ஓரமாக நின்றோம். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஜோக்கு ஒண்ணும் வரலியா?"

"வரல."

"அப்ப நான் சொன்னது காதுல வுழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.